வரும்போது மட்டும் கொதிக்கிறது

ஜூலை 14, திங்கள்

இந்த டைரி நண்டுக் கம்பெனிக்காரர்கள் வருடப் பிறப்புக்குக் கொடுத்தது. ஏழு மாதமாக ஐஸ்பெட்டி மேல் கிடந்து ஒரு மூலை ஊறிப்போயிருக்கிறது. இன்று இதை விரித்து எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் தொண்டி மெக்கானிக் ஆரோக்கியம்.

"எப்பச் சூடாகுது, எங்க வச்சுச் சூடாகுது, யாரு ஓட்டுனாங்க, எல்லாத்தையும் எழுதிட்டு வாங்க பாய். அப்பறம் வைத்தியம் பாப்போம்" என்றார்.

போன மாதம் முட்டி டாக்டரும் இதையேதான் சொன்னார். என்ன சாப்பிட்டேன், எடை எவ்வளவு என்று எழுத வேண்டுமாம். இரண்டு பேருக்கும் ஒரே நோட்டு போதும்.

மோட்டார் பதினைந்து குதிரை, வாங்கி நாலு வருடம். வள்ளம் இருபது அடி ஃபைபர். ஓட்டுவது சேகு, என் மனைவி நூருன்னிசாவின் தம்பி. பதினேழு வருடமாக அவன்தான். விடியற்காலை கிளம்பி, ரோடு இல்லாத மூன்று வாடிகளில், கரையோரக் குடிசைகளில், மீனவர்களிடம் உயிர் நண்டு எடுத்துக்கொண்டு பதினோரு மணிக்குள் துறைக்கு வர வேண்டும். பதினொன்றரைக்குக் கம்பெனி வண்டி போய்விடும். செத்த நண்டை அவர்கள் கையால் தொடமாட்டார்கள். சனிக்கிழமை பாதி வழியில் மோட்டார் கொதித்து நின்று, வண்டி போன பிறகு வந்து சேர்ந்தான். ஒன்பது பெட்டி நண்டு உள்ளூரில் குழம்புக்குப் போயிற்று.

ஜூனிலும் இரண்டு மூன்று முறை லேசாகச் சூடானதாம். அப்போது நான் காதில் வாங்கவில்லை.

எடை 113. நண்டு நிறுக்கிற தராசிலேயே ஏறிப் பார்த்தேன். ஜூன் முதல் வாரம் 117 இருந்தேன். வள்ளத்தில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லி ஆறு வாரம் ஆகிறது. சைக்கிளில் வாளி கட்டி நண்டு விற்ற நாளிலிருந்து கணக்குப் பார்த்தால், இருபத்திரண்டு வருடத்தில் நான் கடலுக்குப் போகாமல் கரையில் நிற்பது இதுதான் முதல் தடவை.

ஜூலை 15, செவ்வாய்

போகும்போது நன்றாக ஓடியது. வரும்போது இரண்டாவது வாடி தாண்டியதும் சூடு.

ஆரோக்கியத்துக்காக விவரமாக எழுதுகிறேன். மோட்டார் கீழிருந்து கடல் தண்ணீரை உறிஞ்சி, உள்ளே சுற்றவிட்டு, சூட்டோடு வெளியே தள்ளும். பின்னால் ஒரு சின்ன ஓட்டையில் அது நூல் மாதிரி பீச்சிக்கொண்டே இருக்கும். எங்கள் துறையில் "மோட்டார் ஒண்ணுக்குப் போகுதா" என்றுதான் கேட்பார்கள். வரும்போது அந்தப் பீச்சல் நின்றுவிடுகிறது என்கிறான் சேகு. நிறுத்தி இருபது நிமிடம் ஆறவிட்டுக் கிளப்பினால் கொஞ்ச தூரம் வருகிறதாம்.

மதியம் கோதுமைக் கஞ்சி, ஒரு துண்டு மீன். எண்ணெய் கிடையாது.

ஜூலை 17, வியாழன்

தண்ணீர் உறிஞ்சும் சல்லடையில் பாசி, நைலான் நூல், ஷாம்பு பாக்கெட் ஒன்று. எல்லாவற்றையும் எடுத்தோம். பீச்சும் ஓட்டையில் சைக்கிள் சக்கரக் கம்பி விட்டுக் குத்தினோம். ஆரோக்கியம் வந்து தண்ணீர் பம்பின் ரப்பர் விசிறியை மாற்றினார். பழையதில் ஒரு இதழ் வெடித்திருந்தது. அதுதான் திருடன் என்றார்.

மோட்டாரைக் கழற்றி, தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இறக்கி அரை மணி நேரம் ஓடவிட்டோம். ஆள் உயரத்துக்குப் பீச்சியது. நூருன்னிசா எல்லோருக்கும் டீ கொடுத்தாள். எனக்குச் சர்க்கரை இல்லாமல்.

ஜூலை 18, வெள்ளி

ஜும்ஆ தொழுகை. கடலுக்குப் போகவில்லை.

ஜூலை 19, சனி

கொதித்தது. புது விசிறி போட்டும்.

சேகு வந்ததும் வராததுமாக, "நீங்க கூட வந்தா ஓடும் மச்சான்" என்றான். எனக்கு ஐஸ் வைக்கிறான் என்று நினைத்தேன். வேலையில் கவனம் வை என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூலை 23, புதன்

திங்கள், செவ்வாய், இன்று, மூன்று நாளும் போகும்போது சூடில்லை, வரும்போது சூடு. ஆரோக்கியம் உப்பு அடைத்திருக்கும் என்று பாதியைக் கழற்றிக் கழுவினார். சூடு பார்த்துத் திறந்து மூடுகிற ஒரு சின்ன மூடியையும் மாற்றினார். மறுபடி டிரம்மில் ஒரு மணி நேரம் ஓடியது. ஒரு குறையும் இல்லை.

துறையில் நண்டைத் தரம் பிரித்துப் பொறுக்கும் காளியம்மாவின் வீட்டுக்காரர் தூண்டில் போட்டுவிட்டு வரும்போது என் வள்ளத்தைப் பார்த்தாராம். மஸ்தான் வாடிக்கு நேராக நின்றதாம். இருபது நிமிடம்.

மஸ்தான் மூன்று வருடமாக என்னைப் போலவே நண்டு எடுத்து விற்கிறவன். என் வாடிகள் மேல் அவனுக்கு எப்போதும் ஒரு கண் உண்டு.

ஜூலை 24, வியாழன்

தூக்கம் சரியில்லை. போகும்போது காலி வள்ளம். வரும்போது நண்டு இருக்கிற வள்ளம். காலியாக இருக்கும்போது கொதிக்காத மோட்டார் நண்டு ஏறியதும் ஏன் கொதிக்க வேண்டும்? மோட்டாருக்கு நண்டைப் பற்றி என்ன தெரியும்? மனிதனுக்குத்தான் தெரியும்.

வியாபாரத்தில் யாரும் என்னை இரண்டு தடவை ஏமாற்றியதில்லை. ஒருமுறை ஏமாற்றியவன் மறுமுறை வரமாட்டான். நூருன்னிசாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 26, சனி

எடை 111. டாக்டர் சொன்னதை ஒதுக்கி வைத்துவிட்டு நானே போனேன். நாலு பேர் பிடித்து ஏற்றினார்கள். என் பழைய இடத்திலேயே, மோட்டாருக்குப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்தேன்.

மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று லேசாக இருந்தது. கடல் சோறு வடித்த கஞ்சி நிறம். மூன்று வாடியிலும் என்னைப் பார்த்ததும் பாய் வந்துட்டாரு என்று ஓடி வந்தார்கள். பத்துப் பெட்டி ஏற்றினோம். வழக்கப்படி எல்லாப் பெட்டியும் முன்பக்கம். நண்டுக்குப் பெட்ரோல் வாடை ஆகாது என்பது நான் வைத்த சட்டம்.

திரும்பி வரும்போது பீச்சல் ஒரு நொடி நிற்கவில்லை. துறை வாயில் மணல் மேடு தட்டாமல், வள்ளத்தைத் தள்ளும் விசிறி வழுக்கிக்கொண்டு வந்தது. போன கோடையில் மேடு ஏறி மூன்று விசிறி உடைந்தபோது, மோட்டாரை வள்ளத்தில் மாட்டும் கொக்கிக்குக் கீழே நான்தான் ஒரு வேப்பம் பலகை வைத்து மூன்று விரற்கடை உயர்த்தினேன். கம்பு ஊன்றித் தள்ளலாம் என்று சேகு அப்போது சொன்னான். பத்து நிமிடம் வீண் என்றேன். பலகைக்கு அப்புறம் ஒரு விசிறிகூட உடையவில்லை.

பத்தே முக்காலுக்குக் கரை.

சேகு சிரித்தான். சொன்னேன்ல மச்சான் என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 28, திங்கள்

நான் போகவில்லை. கொதித்தது.

ஜூலை 29, செவ்வாய்

நான் போனேன். கொதிக்கவில்லை.

ஜூலை 30, புதன்

நான் போகவில்லை. கொதித்தது. மஸ்தான் வாடிக்கு நேராகவே நின்றிருக்கிறது. நான் இருந்தால் ஓடுகிறது, நான் இல்லாவிட்டால் நின்றுவிடுகிறது. இதற்கு மேல் எந்த மெக்கானிக் எனக்கு என்ன சொல்ல வேண்டும்?

ஆகஸ்ட் 2, சனி

இன்று கம்பெனி வண்டி போய் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் சேகு வந்தான். தராசடியில் எல்லோரும் இருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"மஸ்தானுக்கு எத்தனை பெட்டி எறக்குன?" என்றேன்.

சேகு முதலில் புரியாமல் பார்த்தான். பிறகு புரிந்தது. முகம் கறுத்துவிட்டது.

"அங்கதான் மச்சான் ஆழம் கம்மி, நங்கூரம் பிடிக்கும். வேற எங்க நிறுத்தச் சொல்றீக? காத்துல இழுத்துட்டுப் போனா நடுக்கடல்ல நின்னு உங்களைக் கூப்பிடவா?"

நான் ஏறினால் மட்டும் ஏன் கொதிக்கவில்லை என்று கேட்டேன்.

"அதைத்தான் நானும் ரெண்டு வாரமா சொல்றேன். நீங்க ஏறுனா ஓடுதுன்னு. எனக்கென்ன தெரியும், நான் மெக்கானிக்கா? பதினேழு வருசம். ஒரு நண்டுக் காலு குறைஞ்சிருக்கா, சொல்லுங்க."

 மோட்டாரை நிறுத்தும் சிவப்புக் கயிறு அவன் மணிக்கட்டில்தான் எப்போதும் சுற்றியிருக்கும். அதைக் கழற்றித் தராசுத் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டான். தராசு ஒரு எண்ணும் காட்டவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

 நூருன்னிசா டாக்டர் தாளில் உள்ளபடி கஞ்சியை அளந்து வைத்தாள். ஒரு கரண்டி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உப்புக் கேட்டேன். தாளில் இல்லை என்றாள். இன்று முழுக்க அவள் பேசியது அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

புதிதாக அந்தோணி என்பவனை வைத்தேன். நல்ல ஓட்டி, சர்ச் தெரு. சேகுவை இவனுக்குத் தெரியாது. மஸ்தானையும் தெரியாது.

வரும்போது கொதித்தது.

சேகு மஸ்தானிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகக் காளியம்மா சொன்னாள். எனக்குக் கேட்கும்படிதான் சொன்னாள்.

ஆகஸ்ட் 6, புதன்

ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர் ஒரே பொய்யைச் சொல்ல வழியில்லை. அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மோட்டார் ஏன் கொதிக்கிறது என்று தெரியாமல் நான் யாரிடம் போய் என்ன சொல்வேன்? முதலில் கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை.

புது மோட்டார் வாங்கிவிடுங்கள் என்றார் ஆரோக்கியம். டிரம்மில் ஒரு மணி நேரம் ஓடுகிற மோட்டாரை எதற்குத் தூக்கிப்போட வேண்டும்?

ஆகஸ்ட் 9, சனி

எடை 108. மூன்று நாளாக நானே போகிறேன். ஒரு நாளும் கொதிக்கவில்லை. அந்தோணி என்னை ஒரு மாதிரி பார்க்கிறான். மோட்டார் முதலாளிக்குப் பயப்படுது என்கிறான்.

மறைக்க என்ன இருக்கிறது, கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்

முட்டி வீங்கியிருக்கிறது. ஏறும்போது இரண்டு பேர் போதும் இப்போது. நூருன்னிசா வீக்கத்துக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். தேய்க்கும்போது, "என் தம்பி வீட்டுல அடுப்பு எரியுது, கவலைப்படாதீக" என்றாள். நான் கவலைப்படுகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

நண்டு நன்றாக விழுகிறது. பன்னிரண்டு பெட்டி. வரும்போது பீச்சல் இரண்டு தடவை திக்கியது. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 23, சனி

இன்று கொதித்தது. நான் இருக்கும்போதே. அந்தோணி நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நங்கூரம் போடச் சொன்னேன். போட்டான். தலையைத் தூக்கிப் பார்த்தால் நேர் எதிரே மஸ்தான் வாடி. ஆழம் இடுப்பளவு. காற்றுக்கு ஒதுங்க இந்தப் பக்கத்தில் வேறு இடம் இல்லை.

கரையில் சேகு ஒரு வள்ளத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்தான். அருகில் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. இருபது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடம் எவ்வளவு நீளம் என்று இன்றுதான் தெரிந்தது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

எடை 105. தராசில் நிற்கும்போது காளியம்மா வந்து எண்ணைப் பார்த்துவிட்டாள். ஜூனிலும் அவள் பக்கத்தில்தான் இருந்தாள்.

"அரைப் பெட்டி நண்டு கரைஞ்சு போயிருச்சே முதலாளி. இப்படியே போனா உங்களை எடைக்கு எடுக்க ஆளு வராது" என்றாள். பொறுக்குகிற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். திமிர் பிடித்தவள். பொறுக்குவதில் அவள் கைக்கு ஈடு இல்லை என்பதால் விட்டுவைத்திருக்கிறேன்.

அதே நாள், மாலை

அரைப் பெட்டி. பன்னிரண்டு கிலோ.

டைரியை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். இரண்டு தடவை படித்தேன். மோட்டாருக்கு ஒன்று, டாக்டருக்கு ஒன்று என்று தனித்தனி நோட்டு போட்டிருந்தால் இது என் கண்ணில் பட்டே இருக்காது.

நாளை பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 27, புதன்

எழுதிவிடுகிறேன், ஆறுவதற்குள்.

பன்னிரண்டு பெட்டியும் ஏற்றி வரும்போது, நடுவழியில் நான் எழுந்து முன்பக்கம் போய்ப் பெட்டிகள் மேல் உட்கார்ந்தேன். அந்தோணி பயந்துவிட்டான். வள்ளத்தின் மூக்கு இறங்கியது, பின்பக்கம் தூக்கியது. அலை ஒவ்வொன்றுக்கும் மோட்டாரின் கழுத்து வெளியே தெரிந்தது. பீச்சல் மெலிந்தது, திக்கியது, நின்றது. மோட்டாரை மெதுவாக்கச் சொல்லிவிட்டுத் தவழ்ந்து பின்னால் வந்து, மோட்டாரை ஒட்டி உட்கார்ந்தேன். ஒரு நிமிடம். பீச்சல் வந்துவிட்டது.

மூன்று தடவை செய்து பார்த்தேன். முட்டி போனால் போகட்டும் என்று.

சல்லடை தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரை உறிஞ்சுகிறது. பின்பக்கம் தூக்கினால் பாதிக் காற்றை உறிஞ்சுகிறது. டிரம்மில் எப்போதும் தண்ணீருக்குள் இருக்கிறது, அதனால் கொதிக்கவில்லை. போகும்போது முன்னால் பெட்டி இல்லை, அதனால் கொதிக்கவில்லை. நூற்றுப் பதினேழு கிலோ பின்னால் உட்கார்ந்திருந்தவரை ஒருபோதும் கொதிக்கவில்லை.

மோட்டாரை மூன்று விரற்கடை தூக்கியது நான். பெட்டிகளை முன்னால் அடுக்கச் சொன்னது நான். இறங்கிக் கரையில் நின்றதும் நான். சேகு பதினேழு வருடமாகச் செய்ததையே செய்துகொண்டிருந்தான்.

ஆகஸ்ட் 28, வியாழன்

வேப்பம் பலகையை எடுத்துவிட்டேன். பெட்டிகளை நடுவில் அடுக்கி, மோட்டார் பக்கம் ஒரு தார்ப்பாய் மறைப்புக் கட்டினோம். துறை வாயில் மணல் மேட்டுக்கு மட்டும் மோட்டாரை நிறுத்திக் கம்பு ஊன்றித் தள்ளச் சொன்னேன். அந்தோணி நானில்லாமல் போய்வந்தான். கொதிக்கவில்லை. கம்பு ஊன்றியதில் ஒன்பது நிமிடம் ஆனதாம்.

ஆரோக்கியத்துக்குப் போன் செய்து சொன்னேன்.  டிரம்மில் வைத்தே பார்த்த என் புத்தியைச் சொல்லணும் பாய் என்றார். அவராவது உடனே சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் 30, சனி

நேற்றுப் போயிருக்க வேண்டும். ஜும்ஆவில் சேகு இரண்டு வரிசைக்கு முன்னால் இருந்தான். வெளியே வந்ததும் செருப்புத் தேடுகிற மாதிரி நின்றேன். அவன் போய்விட்டான். அங்கே வைத்துப் பேசியிருந்தால் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் கேட்டிருப்போம். அவனிடம் நான் கேட்டது தராசடியில், எல்லோர் முன்னாலும். அதனால் இன்று மஸ்தான் வாடிக்கே போனேன். வேப்பம் பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு.

மஸ்தான், அவன் ஆட்கள் ஆறு பேர், வலை இழுக்க வந்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். நாற்காலி போட்டார்கள். உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருப்பது கஷ்டம், அது வேறு விஷயம். மோட்டார் கொதித்த காரணத்தைச் சொன்னேன். நடுவில் யாரோ சிரித்தார்கள். சொல்லி முடித்தேன்.

சேகு பலகையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதை யாரு வச்சது?"

"நான்தான்."

"கம்பு ஊனலாம்னு சொன்னது?"

"நீ."

"அன்னிக்குத் தராசடியில கேட்டீகளே, அது?"

"தப்பு. எம்மேல தப்பு, சேகு."

 பலகையை என் கையில் திருப்பிக் கொடுத்தான். மஸ்தானுக்கு அடுத்த மாதம் முழுக்க ஓட்டுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன், செப்டம்பர் முடிய வரமுடியாது என்றான். எனக்காக, மஸ்தானுக்குச் சொன்ன வாக்கை முறித்துவிட்டு வருகிறவனாக இருந்தால் அவனை நான் சந்தேகப்பட்டது சரி என்று ஆகியிருக்கும். சரி என்றேன். அதற்கு அப்புறம் வருவானா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

இரவுக் கஞ்சியில் உப்பு இருந்தது.

செப்டம்பர் 13, சனி

இரண்டு வாரமாக ஒரு நாளும் சூடில்லை. எழுத ஒன்றும் இல்லை. எடை 102.

சிவப்புக் கயிற்றுக்குப் பதில் அந்தோணி வேறு கயிறு வாங்கிப் போட்டிருக்கிறான். பழையது தராசு மேசை இழுப்பறையில் இருக்கிறது. அந்தோணியையும் வேலையிலிருந்து அனுப்பமாட்டேன். இரண்டாவது வள்ளம் பார்த்து வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஒன்றாம் தேதி.  நூருன்னிசா மூன்று பேருக்கு இடியாப்பத்துக்கு மாவு வறுத்து வைத்திருக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அக்டோபர் 1, புதன்

விடியும்போது துறைக்குப் போனேன். சேகு எனக்கு முன்னாலேயே வந்து, வள்ளத்தின் பின்பக்கம் குனிந்து மோட்டார் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பலகை இருந்த இடத்தைக் கையால் தடவினான். நான் இழுப்பறையிலிருந்து கயிற்றை எடுத்து நீட்டினேன். வாங்கி மணிக்கட்டில் சுற்றிக்கொண்டான். ஒரே இழுப்பில் மோட்டார் பிடித்தது. பின்னால் நூல் மாதிரி தண்ணீர் பீச்சியது.

நான் திரும்பி நடக்கத் தொடங்கினேன்.

"மச்சான், வாரீகளா?"

இனி நான் வரத் தேவையில்லை, பலகையை எடுத்தாயிற்று, பெட்டியும் நடுவில்தான் என்றேன்.

"பாரத்துக்குக் கூப்பிடலை. சும்மா வாங்க."

எடை 100. ஏற ஒரு ஆள் பிடித்தால் போதும். சேகுவே பிடித்தான். என் பழைய இடத்தில் உட்காரப் போனவன் நின்று, முன்னால் போய் உட்கார்ந்தேன், மோட்டாருக்கு முதுகைக் காட்டி. போய்த் திரும்பும்வரை பீச்சல் வருகிறதா என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்தரைக்குக் கரை. பதினோரு பெட்டி, எல்லாம் உயிரோடு.

இந்தப் பக்கத்தை டாக்டரிடம் காட்டக்கூடாது.